8 ஜிபி ரேம், ஒரு போன்: முதல் செயலிக்கு எதை நிறுவுவது?

கேள்வி, 2 மார்ச் 2025

செயலி எழுதக் கற்க ஆரம்பித்திருக்கிறேன். கல்லூரியில் ஜாவா கொஞ்சம் படித்தேன், ஜாவாஸ்கிரிப்ட் அரைகுறை. விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம். கையில் ஆண்ட்ராய்டு போன். கூகுளின் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவா, விஎஸ் கோட் எடிட்டரில் ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா? பின் இரண்டில் ஒரு தடவை எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடுமாம். ஒரு வாரமாக வீடியோ பார்க்கிறேன், இன்னும் ஒரு வரி எழுதவில்லை. பின்னால் ஐபோனுக்கும் வேண்டும். யாராவது ஒன்றைச் சொல்லுங்கள், அதையே செய்கிறேன்.

2 மார்ச் 2025, இரவு 11.20

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை மறந்துவிடுங்கள். 8 ஜிபி-யில் அதையும் எமுலேட்டரையும் (லேப்டாப் திரையில் ஓடும் போலி போன்) சேர்த்துத் திறந்தால் மௌஸ் நகர்வதற்கே மனு போட வேண்டும். விஎஸ் கோட், ஃப்ளட்டர், கையில் இருக்கிற போன். அவ்வளவுதான். ஐபோன் கதை பிறகு.

3 மார்ச் 2025, காலை 7.05

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது பாதி தப்பு.

ஃப்ளட்டரை நிறுவிவிட்டு 'ஃப்ளட்டர் டாக்டர்' என்ற கட்டளையை ஓட்டினால் என்னென்ன இருக்கிறது, எது இல்லை என்று வரிசையாகச் சொல்லும். ஆண்ட்ராய்டு எஸ்டிகே (ஆண்ட்ராய்டு செயலி உருவாக்கத் தேவையான கருவித் தொகுப்பு) இல்லை என்ற குறி கட்டாயம் வரும். அதைக் கொண்டுவரச் சுலபமான வழி ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை நிறுவுவதுதான். கமாண்ட் லைன் கருவிகளை மட்டும் தனியாக இறக்கிக்கொள்ளவும் முடியும். ஆனால் முதல் நாளே என்விரான்மென்ட் வேரியபிளோடு (எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சொல்லும் அமைப்பு) மல்லுக்கட்டினால் இரண்டாம் நாள் வரமாட்டீர்கள். அதனால் ஸ்டூடியோவை நிறுவுங்கள், ஒரு தடவை திறந்து எஸ்டிகே இறங்கும் வரை காத்திருங்கள், லைசென்ஸ்களை ஏற்றுக்கொள்ளுங்கள், மூடிவிடுங்கள். எழுதுவது விஎஸ் கோடில்.

இன்னொன்றும் நேற்று சொல்லியிருக்க வேண்டும். எடிட்டர் வேறு, பில்ட் (எழுதியதைப் போனில் ஓடும் செயலியாகக் கட்டுவது) வேறு. எடிட்டர் இலேசானது என்பதற்காக பில்ட் இலேசாகிவிடாது. எதில் எழுதினாலும் ஆண்ட்ராய்டுக்கு பில்ட் செய்வது பின்னால் ஓடும் கிரேடில் என்ற கருவிதான். அதற்கு எவ்வளவு நினைவகம் விடலாம் என்பது ப்ராஜெக்டின் ஆண்ட்ராய்டு ஃபோல்டரில் 'கிரேடில் ப்ராப்பர்ட்டீஸ்' ஃபைலில் ஒரு வரியாக இருக்கும். திறந்து பாருங்கள். 8 ஜி என்று போட்டிருந்தால் உங்கள் லேப்டாப்பின் மொத்த ரேமையும் அதற்கே எழுதிவைத்த மாதிரி. 2 ஜி ஆக்குங்கள்.

3 மார்ச் 2025, மாலை 6.30

"லேப்டாப் என் போனை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறது" என்கிறீர்கள். முதலில் கேபிளை மாற்றுங்கள்.

சும்மா சொல்லவில்லை. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் உண்டு, உள்ளே டேட்டா கம்பியே இருக்காது. நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை டிரைவரை நீக்கி, போட்டு, மறுபடி நீக்கிக்கொண்டிருந்தேன். குற்றவாளி கேபிள். போனில் செட்டிங்ஸ் போய் 'பில்ட் நம்பர்' மேல் 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். பிறகு கேபிளைச் செருகியதும் போன் திரையில் அனுமதி கேட்கும். திரை பூட்டியிருந்தால் அந்தக் கேள்வி உங்கள் கண்ணில் படாது, லேப்டாப்பில் 'அனாதரைஸ்டு' (அனுமதி இல்லை) என்று மட்டும் காட்டும்.

ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் என்றால் வைஃபையிலேயே இணைக்கலாம். முதலில் கேபிள் வழி பழகுங்கள். எதில் கோளாறு என்று தெரிய வேண்டுமே.

5 மார்ச் 2025

எமுலேட்டர் வேண்டாம் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நான் தொடங்கியது 2012 வாக்கில், எக்லிப்ஸ் என்ற எடிட்டரின் காலம். எக்லிப்ஸில் ஏடிடி என்றொரு ப்ளக்இன் போட்டு ஆண்ட்ராய்டு எழுதுவோம். எமுலேட்டர் எழுந்திருக்கும் நேரத்தில் குளித்துவிட்டு வந்துவிடலாம், அதுவரை அந்த ஆண்ட்ராய்டு எழுத்து மின்னிக்கொண்டே இருக்கும். ஒரு பட்டனின் நிறத்தை மாற்றுவேன், ரன் அழுத்துவேன், காத்திருப்பேன். காத்திருக்கும்போது வேறு டேப் திறப்பேன். திரும்பி வரும்போது எதை மாற்றினேன் என்பதே மறந்திருக்கும்.

அந்த ஆறு மாதம் நான் ஆண்ட்ராய்டு கற்கவில்லை, காத்திருக்கக் கற்றேன். "நமக்கு ப்ரோகிராமிங் வராது போல" என்று முடிவுகூடக் கட்டிவிட்டேன். ஒரு நண்பர் தன் பழைய போனைக் கொடுத்து "இதில் ஓட்டிப் பார்" என்றார். அதே லேப்டாப், அதே எக்லிப்ஸ், அதே மண்டை. ஆனால் ஒரு வாரத்தில் முதல் செயலி வந்துவிட்டது.

அதிலிருந்து யார் கேட்டாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரு எழுத்தை மாற்றியதிலிருந்து அதைக் கண்ணால் பார்க்கும் வரை எவ்வளவு நேரம்? பத்து விநாடிக்குள் என்றால் கற்பீர்கள். இரண்டு நிமிடம் என்றால் வீடியோ பார்க்கப் போய்விடுவீர்கள். நீங்களே ஒரு வாரம் பார்த்திருக்கிறீர்கள்.

ஃப்ளட்டரை நான் சொன்னதற்கும் காரணம் அதன் ஹாட் ரீலோட்தான், அதில் எழுதும் டார்ட் மொழி மேல் காதல் இல்லை. சேவ் செய்ததும் போனில் மாறும், நீங்கள் நின்றிருந்த திரையிலேயே, நிரப்பிய படிவம் கலையாமல். ஆனால் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை ஓடும் கோடை, 'மெயின்' மாதிரியானதை மாற்றினால் ஹாட் ரீலோடில் தெரியாது, ஹாட் ரீஸ்டார்ட் (செயலியை முதலிலிருந்து ஓட்டுவது) தர வேண்டும். இது தெரியாமல் "மாத்தினேன், மாறவே இல்லை" என்று புலம்பாத புதியவரை நான் பார்த்ததில்லை.

6 மார்ச் 2025

"கருவி எதுவானால் என்ன, மொழியைக் கற்றால் போதும். நோட்பேடில்கூட எழுதலாம்" என்று மேலே ஒருவர். எழுதலாம். நீந்தத் தெரிந்தவருக்குக் கிணறும் ஒன்றுதான், குளமும் ஒன்றுதான். கேள்வி கேட்டவர் இப்போதுதான் படியில் கால் வைத்திருக்கிறார்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். மொழியை மட்டும் ருசி பார்க்க எதையுமே நிறுவ வேண்டாம். ஃப்ளட்டருக்கு டார்ட்பேட், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் எழுதும் கோட்லின் மொழிக்கு கோட்லின் ப்ளேகிரவுண்ட், ரியாக்ட் நேட்டிவுக்கு ஸ்நாக். மூன்றும் பிரவுசரிலேயே ஓடும். மூன்றிலும் ஒரு மாலை விளையாடியிருந்தால் உங்கள் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். இதை முதல் நாளே சொல்லாதது என் தப்பு.

9 மார்ச் 2025

அனுப்பிய எர்ரரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு 'இரவல்புத்தகம்' என்று தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறீர்கள். ஆர்வத்தைப் பாராட்டுகிறேன், கிரேடில் பாராட்டாது. விண்டோஸில் ப்ராஜெக்ட் இருக்கும் பாதையில் ஆஸ்கி அல்லாத எழுத்து (ஆங்கில எழுத்து, எண், சாதாரணக் குறிகள் தவிர மற்றவை) இருந்தால் பில்ட் பெரும்பாலும் விழும். அந்த எர்ரரிலேயே எழுதியிருக்கிறது, சிவப்பைப் பார்த்ததும் யாரும் படிப்பதில்லை. சி டிரைவில் 'டெவ்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு ஆங்கிலப் பெயரில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். செயலிக்குள் தெரியும் பெயர் தமிழிலேயே இருக்கட்டும், அதற்கு ஒரு தடையும் இல்லை.

இரவல் கொடுத்த புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று குறித்து வைக்கும் செயலியா? நல்ல யோசனை. எனக்கே வேண்டும். என் புத்தகங்கள் பாதி யார் வீட்டில் இருக்கின்றன என்று தெரியவில்லை.

9 மார்ச் 2025, சற்று நேரம் கழித்து

விண்டோஸ் யூசர் பெயரே தமிழில் இருந்தால்? அப்போதும் இதே தொல்லை வரலாம், எஸ்டிகே வழக்கமாக யூசர் ஃபோல்டருக்குள்தான் போய் உட்காரும். எஸ்டிகே-யின் இடத்தையும் மாற்றிவிடுங்கள்.

12 மார்ச் 2025

கேள்வியை மறுபடி படித்தேன். "ஜாவாஸ்கிரிப்ட் அரைகுறை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் கவனிக்கவே இல்லை.

அரைகுறை என்றாலும் அது உங்கள் கைமுதல். ரியாக்ட் நேட்டிவில் எழுதுவது ஜாவாஸ்கிரிப்டில்தான், அதில் எக்ஸ்போ என்ற கருவித் தொகுப்பு வழியாகப் போனால் உங்கள் லேப்டாப்புக்கு அதைவிட இலேசான வழி இல்லை. போனில் எக்ஸ்போ கோ என்ற செயலி, லேப்டாப்பில் நோடும் (ஜாவாஸ்கிரிப்டை லேப்டாப்பில் ஓட்டுவது) விஎஸ் கோடும். திரையில் வரும் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் உங்கள் செயலி போனில் ஓடும். எஸ்டிகே வேண்டாம், கிரேடில் வேண்டாம், கேபிள் சண்டையும் இல்லை. இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். ஐபோனிலும் இதே போல, விண்டோஸிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்.

ஒரு எல்லை உண்டு. எக்ஸ்போ கோவுக்குள் ஏற்கெனவே சேர்த்திருக்கும் நேட்டிவ் லைப்ரரிகள் (போனின் சொந்த மொழியில் எழுதிய துணைக் கோடுகள்) மட்டும்தான் அதில் ஓடும். வெளியிலிருந்து ஒன்றைச் சேர்த்தால் டெவலப்மென்ட் பில்ட் என்ற வழிக்குப் போக வேண்டும், அப்போது கிரேடில் பின்வாசல் வழியாக வந்துவிடும். அல்லது பில்டை அவர்களுடைய சர்வரில் செய்யச் சொல்லலாம். புத்தகப் பட்டியல் செயலிக்கு அந்த எல்லை வரவே வராது.

அதாவது 2-ஆம் தேதி நான் அடித்துச் சொன்னது உங்களுக்கு மிகப் பொருத்தமான பதிலே இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

12 மார்ச் 2025, இரவு

"அண்ணா, அதற்குள் ஃப்ளட்டரில் மூன்று திரை முடித்துவிட்டேன், மாறணுமா?"

மாறாதீர்கள் தம்பி. மேலே எழுதியது இனி வந்து படிப்பவருக்கு.

15 மார்ச் 2025

ஐபோன். ஐபோன் செயலியை பில்ட் செய்யும் ஆப்பிளின் கருவியான எக்ஸ்கோட், ஆப்பிளின் கணினியான மேக்கில் மட்டும்தான் ஓடும். மேக் இல்லாமல் ஐபோன் செயலியைக் கடைசி வரை கொண்டுபோக முடியாது. ஃப்ளட்டரில் எழுதினாலும் ரியாக்ட் நேட்டிவில் எழுதினாலும் ஐபோனுக்கான பில்ட் எக்ஸ்கோட் வழியாகத்தான் வர வேண்டும். "ஒரு தடவை எழுது, இரண்டிலும் ஓட்டு" என்பவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

மேக் இருப்பவருக்குக் கணக்கு வேறு. கையில் ஐபோனும் மேக்கும் இருந்தால் நேரே எக்ஸ்கோட், ஸ்விஃப்ட்யூஐ (ஐபோன் திரைகளை எழுத ஆப்பிள் தரும் வழி). காசு கட்டாத ஆப்பிள் கணக்கிலேயே சொந்த போனில் ஓட்டிப் பார்க்கலாம், 7 நாளில் காலாவதியாகும், மறுபடி நிறுவ வேண்டும். ஆப் ஸ்டோர் கடைக்குப் போகும்போதுதான் ஆண்டுக் கட்டணம். கூகுளுக்கு ஒரே ஒரு தடவை கட்டினால் போதும், ஆப்பிளுக்கு ஒவ்வோர் ஆண்டும்.

16 மார்ச் 2025

நேற்று எழுதியதில் இரண்டு ஓட்டை.

ஒன்று, மேக்கை வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. கோட்மேஜிக் மாதிரி, எக்ஸ்போவின் சர்வர் மாதிரி, வேறெங்கோ இருக்கும் மேக்கில் பில்ட் செய்து கொடுக்கும் சேவைகள் இருக்கின்றன. இரண்டு, ஐபேட். 2021 டிசம்பரில் வந்த ஸ்விஃப்ட் ப்ளேகிரவுண்ட்ஸ் 4-இலிருந்து ஐபேடிலேயே செயலி எழுதி, அங்கிருந்தே ஆப் ஸ்டோருக்கு அனுப்பலாம். "முடியாது" என்று எழுதினால் மறுநாளே யாராவது வந்து முடியும் என்று காட்டிவிடுகிறார்கள். நல்லதுதான்.

ஆனாலும் ஐபோன் கதை பிறகு என்று முதல் நாள் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை: முதல் மூன்று மாதம் அதை நினைக்காதீர்கள்.

28 மார்ச் 2025

எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டாலும் முக்கால்வாசி எர்ரர்களுக்கு வேர் ஒன்றுதான்: பழைய பாடம், புதிய கருவி.

பாடத்தில் 'ஜேசென்டர்' என்று ஒரு வரி வந்தால் மூடிவிடுங்கள். அது லைப்ரரிகளை இறக்கிக்கொள்ளும் களஞ்சியம், அதை மூடுவதாக 2021-இல் அறிவித்துவிட்டார்கள். 'அசிங்க்டாஸ்க்' வந்தாலும் அப்படியே, பின்னணி வேலைக்கான அந்தப் பழைய வழி ஆண்ட்ராய்டு 11-லேயே ஓரங்கட்டப்பட்டது. ஸாமரின் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியைப் பார்த்து ஆசைப்பட்டால், அதற்கான ஆதரவு 2024 மே 1-ஆம் தேதியோடு நின்றது. பாடம் தப்பில்லை, அதன் நாள் போய்விட்டது.

ஏஐ-யிடம் கேட்டு எழுதுபவர்களுக்கும் இதே. அது படித்ததும் அந்தப் பழைய பாடங்களைத்தானே? போன வாரம் எனக்கு மிகுந்த பணிவோடு அசிங்க்டாஸ்க் எழுதிக் கொடுத்தது. எர்ரரை விளக்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் கெட்டி. ப்ராஜெக்டின் அடித்தளத்தை அமைக்கச் சொல்லாதீர்கள்.

இன்னொரு முடிச்சு: கிரேடில், அதன் ஆண்ட்ராய்டு ப்ளக்இன், ஜேடிகே (ஜாவாவின் கருவித் தொகுப்பு) மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ப்ளக்இன் 8 வந்ததிலிருந்து ஜேடிகே 17 வேண்டும். வேறு எதற்கோ போட்ட ஜாவா 8 உங்கள் மெஷினில் கிடந்தால் அது குறுக்கே வரும். புதிதாக உருவாக்கிய ப்ராஜெக்டில் இந்த மூன்றும் சேர்ந்தே வருகின்றன. கெடுவது, "அப்டேட் செய்யவா?" என்று ஸ்டூடியோ கேட்கும்போது நாம் 'சரி' என்று அழுத்துவதில். கற்கும்போது அழுத்தாதீர்கள்.

2 ஏப்ரல் 2025

சம்பந்தமில்லாதது. "மீர்காட் போடுங்கள் என்கிறார்கள், அது என்ன வைரஸா?" என்று கேட்டவருக்கு: ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ பதிப்புகளுக்கு 2021-இலிருந்து ஆங்கில அகரவரிசையில் பிராணிகளின் பெயர். ஆர்க்டிக் ஃபாக்ஸில் தொடங்கி பம்பிள்பீ, சிப்மங்க், டால்ஃபின், விலாங்கு, ஃப்ளமிங்கோ, ஒட்டகச்சிவிங்கி, முள்ளெலி, இகுவானா, ஜெல்லிமீன், கோலா, லேடிபக் என்று வந்து 2025 மார்ச்சில் மீர்காட். அதாவது கீரியின் உறவுக்காரப் பிராணி. வைரஸ் இல்லை.

20 ஏப்ரல் 2025

ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. முதல் வரியிலேயே "ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை மறந்துவிடுங்கள்" என்று எழுதினேனே, 8 ஜிபி மெஷினில் நானே கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தேன்? பல வருடம் ஆகிறது. நினைவிலிருந்து தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அலமாரியில் கிடந்த பழைய லேப்டாப்பை எடுத்தேன். 8 ஜிபி, ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி (அதைவிட வேகமான சேமிப்பகம்) போட்டது. ஸ்டூடியோ, கோட்லின், ஜெட்பேக் கம்போஸ் (திரைகளை கோட்லினில் எழுதும் வழி), கேபிளில் போன். எமுலேட்டரைத் தொடவே இல்லை. முதல் பில்டுக்கு அரை மணி நேரம், பெரும்பகுதி கிரேடில் இணையத்திலிருந்து இறக்கிக்கொண்ட நேரம். முதல் தடவை அப்படித்தான் ஆகும், உறைந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். அதற்குப் பிறகு ஓடியது. பறக்கவில்லை, நடந்தது. ஃபைல் மெனுவில் பவர் சேவ் மோட் போட்டதும் இன்னும் கொஞ்சம் மூச்சு விட்டது. எழுதும்போது தப்பைச் சுட்டிக்காட்டும் வேலையை அது நிறுத்திவிடும், அதனால் புதியவர்கள் அதை எப்போதும் போட்டுவைக்க வேண்டாம். வைரஸ் ஸ்கேனரின் பார்வையிலிருந்து ப்ராஜெக்ட் ஃபோல்டரை விலக்கினேன், அதிலும் வித்தியாசம் தெரிந்தது. பிரவுசரில் நான்கு டேப் திறந்தபோது மட்டும் பழைய எக்லிப்ஸ் நாட்கள் ஞாபகம் வந்தன.

கூகுளே ஸ்டூடியோவுக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி என்றும் எமுலேட்டரோடு சேர்த்து 16 ஜிபி என்றும்தான் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்திருந்தாலே போதும், அலமாரியைக் குடைந்திருக்க வேண்டாம்.

ஆக, என் முதல் பதிவு ஸ்டூடியோவுக்குச் செய்த அநியாயம். மெஷினைச் சாகடிப்பது எமுலேட்டர். ஜாவா தெரிந்து, ஆண்ட்ராய்டு மட்டும் போதும் என்பவர் 8 ஜிபி, எஸ்எஸ்டி, நிஜ போன் இருந்தால் ஸ்டூடியோவிலேயே தொடங்கலாம். ஆல்ட் என்டர் அழுத்தினால் தப்பைத் திருத்தும் வழி சொல்வது, லாக்கேட் (போன் அனுப்பும் பதிவுகளைக் காட்டும் பகுதி), எல்லாம் ஒரே இடத்தில். விஎஸ் கோடில் இவற்றை ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனாகக் கூட்ட வேண்டும். ஹார்டு டிஸ்கில் ஓடும் மெஷின் என்றால் மட்டும் என் பழைய பதிவே செல்லும்.

11 மே 2025

கம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம் (கோட்லினிலேயே ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் திரை எழுதும் வழி) ஐபோனுக்கும் நிலையான பதிப்பு என்று இந்த வாரம் அறிவித்திருக்கிறார்கள். கோட்லின் ஆட்கள் கொண்டாடுகிறார்கள். நான்கு பேர் இங்கேயே "இப்போ அதுக்கு மாறலாமா?" என்று கேட்டாயிற்று. ஐபோன் பில்டுக்கு மேக் வேண்டும் என்பது அதிலும் மாறவில்லை. உங்கள் செயலி எங்கே நிற்கிறது, அதைச் சொல்லுங்கள் முதலில்.

8 ஜூன் 2025

புத்தகச் செயலி முடிந்துவிட்டதாம். ப்ளே ஸ்டோரில் போடும் முன் மூன்று விஷயம்.

செயலியின் அடையாளம் 'காம்.எக்ஸாம்பிள்' என்று தொடங்கினால் ப்ளே ஏற்காது. இப்போதே மாற்றுங்கள், ஒரு தடவை வெளியிட்ட பிறகு அதை மாற்றவே முடியாது.

கையொப்பச் சாவி ஃபைலை (செயலி உங்களுடையதுதான் என்று காட்டுவது) இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அந்தக் காலத்தில் நான் லேப்டாப்பை ஃபார்மட் செய்தபோது சாவியும் சேர்ந்து போய்விட்டது. செயலி கடையில் இருந்தது, பயன்படுத்துபவர்கள் இருந்தார்கள், அப்டேட் கொடுக்க எனக்கு வழியில்லை. வேறு பெயரில் புதிதாகப் போட்டேன், பழைய ஆட்களில் பாதிப்பேர் வரவில்லை. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு வரும் புதிய செயலிகளுக்கு மூலச் சாவியை கூகுளே வைத்துக்கொள்கிறது, உங்களிடம் இருக்கும் அப்லோட் சாவி தொலைந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். அதற்காகத் தொலைக்க வேண்டாம்.

மூன்றாவது, உங்களுடையது புதிய தனிநபர் கணக்கு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த கணக்குகளுக்கு குளோஸ்டு டெஸ்டிங் (நாம் அழைத்தவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்க்கும் சோதனை) கட்டாயம்: குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாள். முதலில் 20 பேர் என்றிருந்ததைக் குறைத்திருக்கிறார்கள். பத்துப் பேர் கிடைத்துவிட்டார்கள் என்றீர்களே, பதினொன்றாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது ஆள், மார்ச் 6-ஆம் தேதி நோட்பேட் சொன்னவரைக் கேளுங்கள்.

10 ஜூன் 2025

நிறுவினேன். முதல் வேலையாக என் நான்கு புத்தகங்களை ஏற்றினேன், நான்கும் ஒரே ஆளிடம் இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

ஒரு பிழை. புத்தகத்தின் பக்கத்தில் நின்று பேக் அழுத்தினால் பட்டியலுக்குத் திரும்பாமல் செயலியே மூடிக்கொள்கிறது. புஷ் (புதிய திரையைப் பழையதன் மேல் வைப்பது) என்று இருக்க வேண்டிய இடத்தில் புஷ் ரீப்ளேஸ்மென்ட் (பழையதை எடுத்துவிட்டு வைப்பது) போட்டிருக்கிறீர்களா, பாருங்கள்.